ஜவ்வாது மலை ஓடைகளில் மழைநீரைத் தங்கச் செய்தல்

முற்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லா எனப் பெயர் பெற்று, இப்பொழுது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் முதலிய ஜில்லாக்களாகப் பிரிந்துள்ள பிரதேசத்தின் நடுவே ஜவ்வாது மலை அமைந்திருக்கின்றது. செய்யாறு, மிருகண்டா நதி, கமண்டல நதி, நாக நதி முதலியவை இம்மலையில் உற்பத்தியாகின்றன. கமண்டல நதி படவேட்டு வழியாக இறங்கி, சம்புவராயநல்லூரில் நாக நதியுடன் கூடி, கமண்டல நாகநதி என்னும் பெயருடன் ஆரணியைத் தொட்டுச் சென்று செய்யாற்றில் கலக்கின்றது. செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றுடன் சேர்கின்றது. ஆகவே ஜமுனாமரத்தூருக்கு அருகில் ஒரு சாமைக் கொல்லையில் விழும் மழைத்துளி, ஆரணி வயலுக்கும், செய்யாற்றங்கரை ஏரிக்கும், பாலாற்று மணலிலிருந்து குடிநீர் எடுக்கும் பட்டணங்களுக்கும் உரியதாகும். அத்துளியை எங்கே, எவ்விதம் தங்கச் செய்வது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பாலாற்றின் நிலைமை

பாலாறு சுமார் 348 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகின்றது. மேற்பகுதி கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இருப்பதனால், அங்கிருந்து வரும் ஜலம் நம் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. 1892-ஆம் வருஷத்தில் சென்னை, மைசூர் சர்க்கார்களுக்கிடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் சேர்க்கப்பட்டிருந்தும், மேலிருந்து வரும் நீரோட்டம் வருஷத்தில் மிகச் சில நாட்களுக்கே காணப்படுகின்றது. வேலூர் முதலிய நகரங்களுக்குக் காவிரி ஜலத்தைக் குழாய் மூலம் வெகு தூரத்திலிருந்து கொண்டுவர நேர்ந்ததும் இதனாலேயாம். மேல்நாட்டு ஜலம் நம் கையில் இல்லை. ஆனால் ஜவ்வாது மலையில் பெய்யும் மழை நம் எல்லைக்குள்ளேயே பெய்கின்றது. அதனைப் பேணுவதற்கு வேறெந்த ராஜ்யத்தின் சம்மதமும் வேண்டுவதில்லை.

அணை போதாதோ?

மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர், "ஐயா, ஆறு கீழே காய்கின்றது, தாங்களோ மலைமேல் கல் அடுக்கச் சொல்கின்றீர்கள். இன்னும் ஓர் அணை கட்டினால் ஆகாதா?" என்று வினவினார். கேள்வி நியாயமானதே. இதற்குக் கணக்கால் விடை கூறுதல் நலம்.

இம்மலையின் ஆறுகளில் ஏற்கெனவே மூன்று அணைகள் உள்ளன. செய்யாற்றில் குப்பநத்தம் அணை சுமார் 700 மில்லியன் கன அடியும், கமண்டல நதியில் செண்பகத்தோப்பு அணை சுமார் 287 மில்லியன் கன அடியும், மிருகண்டா நதி அணை சுமார் 87 மில்லியன் கன அடியும் கொள்ளும். ஒரு சதுர மைல் நிலத்தில் ஓரங்குலம் மழை பெய்தால் அதன் அளவு சுமார் 23 லக்ஷம் கன அடியாகும். எனவே 124 சதுர மைலில் பெய்யும் ஓரங்குல மழையே செண்பகத்தோப்பு அணையின் முழுக் கொள்ளளவுக்குச் சமமாகின்றது.

இனி மண்ணின் கொள்ளளவைப் பார்ப்போம். ஜவ்வாது மலை கடினமான பாறையாலாயது. அதன்மேல் வெயிலாலும் மழையாலும் உக்கிப்போன பாறையும் மண்ணும் போர்வைபோல் மூடியிருக்கின்றன. அப்போர்வையில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே ஜலம் தங்கிக் கசியக்கூடியது என்று குறைவாகவே கணக்கிட்டாலும், 10 அடி தடிப்புள்ள உக்கல் பாறை 2.4 அங்குல மழையைத் தன்னுள் வைத்திருக்கும். 52 சதுர மைல் நிலத்தின் அடியில் இவ்விதம் தங்கும் ஜலம் செண்பகத்தோப்பு அணை நிறைந்ததற்கு ஒப்பாகும். இதற்கு மதகு வேண்டாம். ஒருவருடைய நிலமும் முழுகாது. வெயிலில் ஆவியாகும் நஷ்டமும் சொற்பம். மழை நின்று பல வாரங்கள் சென்ற பின்னும் ஓடைகளில் ஊறி வருவது இந்த ஜலமேயாம். நம் முன்னோர் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டிப் பயிரிட்டதும் இக்கசிவை நம்பியே. அணை ஆற்றுக்குக் கைம்முதல். மலை மண்ணில் ஊறிய ஜலமோ அதன் நிரந்தர வருமானம்.

ஆனால் பாறைச் சரிவில் வேகமாகப் பாயும் நீருக்கு மண்ணுள் இறங்க அவகாசமில்லை. ஓடும் நீரை நடக்கச் செய்ய வேண்டும். நடக்கும் நீரை நிற்கச் செய்ய வேண்டும். கல்தடுப்பின் பயன் இவ்வளவே.

நாக நதியில் நடந்தது

நாக நதி பல வருஷங்கள் வறண்டு கிடந்தது. கரையோரக் கிணறுகள் ஆழ்ந்துபோயின. வேலூர் ஜில்லா கணியம்பாடி முதலிய வட்டாரங்களில், வாழும் கலை நிறுவனத்தாரின் முயற்சியுடன், மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியைக் கொண்டு, 2014-ஆம் வருஷம் முதற்கொண்டு வேலை நடைபெற்றது. ஏறத்தாழ 20,000 கிராமப் பெண்கள் இதில் ஈடுபட்டனர். மலைச்சரிவு ஓடைகளில் கல்தடுப்புகளும், கீழே நதியையொட்டி நீர் இறங்கும் உறைகிணறுகளுமாக 3,000-க்கு மேற்பட்டவை நான்கு வருஷங்களில் அமைக்கப்பட்டன. பின்னர் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்து, நதியிலும் நீரோட்டம் தென்பட்டது. பிரதம மந்திரியவர்கள் 26-9-2021 அன்று நதிகள் தினத்தையொட்டி ஆற்றிய வானொலி உரையில் இவ்வேலையை எடுத்துப் பாராட்டினார்.

இவ்வேலையில் அரிய யந்திரம் எதுவும் உபயோகிக்கப்படவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, கல் இவைகளே கருவிகள். ஓடையின் தலைப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி வேலை செய்ததும், தனித்தனி ஊரின் வேலையாக அன்றி நதி முழுவதற்கும் உரிய வேலையாகக் கருதியதுமே இதன் சிறப்பு.

கல்தடுப்பு அமைக்கும் விதம்

1. இடம்: ஓடை குறுகி, இருகரையும் உறுதியாயுள்ள இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். வளைவில் கட்டலாகாது. காப்புக்காட்டுக்குள் வன இலாகாவின் அனுமதி பெறாமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது.

2. அஸ்திவாரம்: ஓடையின் குறுக்கே ஓரடி ஆழம் வெட்டி, இருகரையிலும் ஒன்று முதல் ஒன்றரை அடி வரை உட்செலுத்திக் கல்லை அடுக்க வேண்டும். சுண்ணமோ சிமிட்டியோ வேண்டுவதில்லை.

3. உயரம்: மூன்றடிக்கு மேற்படலாகாது. மேல்விளிம்பு நடுவில் தாழ்ந்தும் கரையோரத்தில் உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையேல் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும்.

4. சரிவு: நீர் வரும் பக்கத்தில் ஓரடி உயரத்திற்கு ஓரடியும், நீர் விழும் பக்கத்தில் ஓரடி உயரத்திற்கு இரண்டு முதல் மூன்றடியும் சாய்வு விட வேண்டும். பெருங்கற்களை வெளிப்புறமும், சிறு கற்களையும் சரளையையும் நீர் வரும் பக்கமும் வைக்க வேண்டும்.

5. தளம்: நீர் விழும் இடத்தில் பெருங்கற்களை நெருக்கமாகப் பாவ வேண்டும்.

6. இடைவெளி: மேல்தடுப்பின் அடிமட்டமும் கீழ்த்தடுப்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டமாயிருக்க வேண்டும். 100 அடிக்கு 5 அடி இறங்கும் ஓடையில், மூன்றடித் தடுப்புகளை 60 அடிக்கு ஒன்றாக அமைக்கலாம்.

இவற்றுள் ஐந்தாம் விதியை அலக்ஷியம் செய்தால் நேருவது யாதென்பதை இதை எழுதுவோன் தன் அனுபவத்திலேயே கண்டிருக்கின்றான். சில வருஷங்களுக்கு முன் என் மேற்பார்வையில் ஓர் ஓடையில் கட்டிய தடுப்புகளுக்கு, கல் போதாமையால் தளம் பாவாமல் விட்டோம். முதல் பெருமழையிலேயே நீர் விழுந்த இடம் குடையப்பட்டு, மேலுள்ள தடுப்பு சரிந்தது. அதன் கற்கள் உருண்டு கீழுள்ளவற்றையும் கெடுத்தன. பத்து நாள் கூலி ஓர் இரவில் போயிற்று. கல் குறைவாயின் தடுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமேயன்றித் தளத்தைக் குறைக்கலாகாது.

உறைகிணறு

கல்தடுப்புகளால் வேகம் தணிந்த நீரே உறைகிணற்றுக்கு உகந்தது. களிமண் படையைத் தாண்டி, மணலோ உக்கல் பாறையோ தென்படும்வரை வெட்டி, துளையுள்ள சிமிட்டி உறைகளை இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் நிரப்ப வேண்டும். நீர் உள்ளே செல்லுமுன் வண்டல் படியுமாறு ஒரு சிறு குழி அவசியம். கழிவுநீர், தோல் பதனிடும் இடத்து நீர், பூச்சிமருந்து தெளித்த கருவிகளைக் கழுவிய நீர் இவற்றுள் எதுவும் இதனுள் செல்ல விடலாகாது. நிலத்தடியில் கலந்த விஷத்தை அகற்றுவது மிகவும் அரிது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்து, கெடுத்தவரே நஷ்டம் கொடுக்க வேண்டும் என்னும் நியாயத்தை நிலைநாட்டியது. 2025-ஆம் வருஷத்திலும் அந்நீதிமன்றமே பாலாற்றுக் கழிவைக் குறித்து மறுபடியும் உத்தரவிட நேர்ந்ததென்றால், அந்தக் கெடுதல் எவ்வளவு எளிதில் நீங்காதது என்பது விளங்கும்.

மலைக் கொல்லைகள்

மலைமேல் சாமை முதலியன பயிரிடும் மலையாளிப் பழங்குடியினரே இவ்வாறுகளின் முதற் காவலர். சரிவுக்குக் குறுக்கே உழுது, மட்டம் பார்த்துக் கல்வரப்பு இட்டு, வரப்பில் வெட்டிவேர் நட்டால், அவர்களுடைய மேல்மண் அவர்களிடமே தங்கும். கீழுள்ளோர் அணையில் வண்டலும் குறையும். ஏக்கர் ஒன்றில் ஓரங்குல மழை சுமார் ஒரு லக்ஷம் லிட்டர் ஆகும். அதில் பாதி கொல்லையிலேயே இறங்கினாலும் பயிருக்கும் ஆற்றுக்கும் லாபமே. கீழ்நாட்டு மிராசுதாரர்கள் இவ்வேலைக்கு வண்டியும் கருவியும் கொடுத்து உதவுதல் தருமம் மட்டுமன்று; தங்கள் கிணற்றுக்குத் தாங்களே செய்துகொள்ளும் மராமத்துமாகும்.

உயர்ந்த நீரைக் காப்பாற்றுதல்

நீரைத் தேக்குவதைவிடத் தேங்கியதைக் காப்பது கடினம். ஒரு கிராமத்தில், தடுப்புகளால் கிணறுகளில் நீர் ஏறிய மறுவருஷமே, அதனைக் கண்டு பலர் புதிய ஆழ்துளைக் கிணறுகளை இறக்கினர். கரும்பும் வாழையும் பெருகின. மூன்றாம் கோடையில் பழைய கிணறுகள் முன்போலவே வறண்டன. தடுப்பு கட்டிய பெண்களின் வீட்டுக் கிணறுகளே முதலில் வறண்டவை. நீரை உண்டாக்கியவர் ஒருவர், உண்டு தீர்த்தவர் வேறொருவர் என்றால், அடுத்த வருஷம் கல் சுமக்க யார் முன்வருவர்?

இதனைச் சட்டம் கொண்டு மட்டும் தடுக்க இயலாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்தில் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ஆம் வருஷத்தில் ரத்தாயிற்று. ஆகவே ஊராரின் உடன்பாடே முக்கியம். அதற்குப் பின்வருவன உதவும்:

(அ) ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஜனவரி முடிவிலும் மே முடிவிலும் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு புஸ்தகத்தில் எழுதி வைத்தல். மழையளவையும் உடன் குறிக்க வேண்டும். நல்ல மழை வருஷத்தின் பலனை நம் வேலையின் பலனாக எண்ணி ஏமாறாதிருக்க இதுவே வழி.

(ஆ) மே அளவு சென்ற வருஷத்தைவிடத் தாழ்ந்தால், அடுத்த போகத்தில் மிகுந்த நீர் வேண்டும் பயிரின் பரப்பைக் குறைத்து, கேழ்வரகு, மணிலா, பயறு வகைகளைச் சேர்த்தல். நிலைத்த தோட்டப் பயிருக்குச் சொட்டுநீர் முறையைக் கையாளுதல்.

(இ) தடுப்புகளின் அருகில் புதிய ஆழ்துளைக் கிணறு இறக்குவதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் செய்தல்.

(ஈ) ஆற்று மணல் அள்ளுவதைத் தடுத்தல். மணல் போன ஆற்றுக்கு ஜலத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு போயிற்று.

(உ) வருஷந்தோறும் ஆவணி மாதத்துக்குள் சரிந்த கற்களை அடுக்கி, உறைகிணற்று வண்டலை அகற்றுதல். இது புதிய வழக்கமன்று. ஏரிக்கும் கால்வாய்க்கும் ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்தே. 1858-ஆம் வருஷத்துச் சட்டமும் அதனை ஊராரின் கடமையாக ஒப்புக்கொண்டிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தத்தம் எல்லைக்குள் உள்ள ஓடைகளைக் கோடைக் காலத்திலேயே தலைப்பு முதல் கடைமடை வரை நடந்து பார்த்து, தடுப்பு வேண்டும் இடங்களைக் குறித்து வைத்தல் நலம். நடந்து பார்க்காமல் வரைபடத்தில் மட்டும் குறித்த இடத்தில் ஜலம் நிற்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது பழமொழி. மழை வருமுன் மலையில் கல் அடுக்குவோரின் ஊரில், மழை போன பின்னும் கிணற்றில் கயிறு நனையும்.