மரத்த காலும் எழுதாத அட்டையும்

செகிஞ்சான் பக்கமானாலும் ஈஜோக் பக்கமானாலும், தோட்டத்து வீடுகளில் கேட்டால் ஒரே பதில்தான்: "வாயுங்க, தைலம் தேய்ச்சாச்சு." பாதம் மதமதவென்று இருக்கிறது, விரல் நுனியில் ஊசி குத்துகிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் வாயுதான் காரணம்! ஆறாத புண்ணோடுதான் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு. ஒரு பக்கத்து முகமோ கையோ காலோ திடீரென்று மரத்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்பார். தைலம் தேய்த்துப் படுக்கவைத்த வீட்டில் அதற்குப் பதில் இருக்காது.

மெல்ல வரும் மரப்பு வேறு. இரண்டு பாதங்களிலும் சேர்ந்து தொடங்கினால் முதல் சந்தேகம் இனிப்பு நீர் (நீரிழிவு) தான். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, இரத்தத்தோடு பாதத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சிறிய சோதனைதான். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நரம்புச் சத்து' மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. பி6 மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்து, கையை உதறினால் தெளிகிறதா? மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். புல்வெட்டும் மெஷின் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. தோலில் வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்குச் சோதியுங்கள். 1930-இல் சுங்கை பூலோவில் குடியிருப்பு கட்டி நோயாளிகளை ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. இன்று மாத்திரையிலேயே குணமாகும்.

இனி மருந்தடிக்கும் வேலைக்காரர்கள். களைக்கொல்லி பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை, பூச்சிமருந்து குளோர்பைரிஃபோஸ் 2023 மே முதல் தடை. அதனால் எல்லா விஷமும் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அதிகம் ஏறினால் உடனே வியர்வையும் எச்சிலும் கொட்டும். அந்த வகை மருந்துகளில் சில, ஆள் தேறிவிட்ட பிறகும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் கால்களை மரக்கவைத்துத் தளர்த்தும். அடித்த மருந்தையும் இந்த மரப்பையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் கிளினிக் அட்டையில் வேலை என்ன என்றே எழுதியிருக்காது. 'பொது வேலை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் கவுண்டர்களை என்ன சொல்வது?

மருந்து டின்னின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வேலை, மருந்தின் பெயர், கடைசியாக அடித்த தேதி மூன்றையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். வேலையால் வந்த நோய் என்று சந்தேகம் வந்தால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் ஜேகேகேபி 7 பாரத்தில் தெரிவிப்பது டாக்டருக்கும் கடமை, முதலாளிக்கும் கடமை. முதலாளிக்கு 7 நாள்தான் கெடு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தொழில் நோய் என்றே மனுப் போட வேண்டும். சாதாரண எம்சியோடு விட்டுவிட்டால் இழப்பீடு கிடையாது. முதலாளி இழுத்தடித்தால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். மனுவை மருத்துவ வாரியம் ஆராயும்போது கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.

மீண்டும் சொல்கிறேன்: லேபிள் படம், அட்டையில் எழுத்து. கொடுக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உடன் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோ உண்டு. மண்டோர் இல்லை என்று சொன்னாலும் உண்டு.