எங்கள் வீட்டு நாலுகால் மனுஷங்க!

திருவண்ணாமலையில் இருந்து வேலூர் போகிற ரோட்டில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில்தான் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் நாலு பேர், பூனைகள் நாலு பேர். பூனைக்குப் போய் 'பேர்' போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள் தோழிகளே, காரணம் இருக்கு.

2020-ல் ஊரடங்கு சமயம். கிரிவலத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் நடக்க இடமில்லாமல் போகிற ஊர், ஆள் அரவமே இல்லாமல் கிடந்தது. டிபன் கடைகள் மூடிவிட்டதால் எச்சில் இலையை நம்பி இருந்த நாய், பூனைகளுக்குப் பட்டினி. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூணு நிறமும் கலந்த உடம்பு. வயிறு மட்டும் உப்பி, மற்ற இடமெல்லாம் எலும்பு.

"சோறு வெக்காதே, வெச்சா போகாது" என்றார் மாமியார். வைத்தேன். போகவில்லை!

பத்தாம் நாள், என் வீட்டுக்காரரின் வேட்டி அலமாரியில் நாலு குட்டி. செம்பட்டை ஒன்று, கறுப்பு ஒன்று, சாம்பலில் வரி போட்டது ஒன்று, வெள்ளை ஒன்று. பாரதியார் 'முரசு' பாட்டில், வெள்ளைப் பூனை ஒன்று நிறத்துக்கு ஒரு குட்டி போடுமே, அந்தக் கதைதான். என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டை அலமாரி முன்னால் நின்று பாடினாள். மூணு நிறப் பூனை என்றால் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும், செம்பட்டை பெரும்பாலும் ஆண் என்று பிறகு கால்நடை டாக்டர் சொன்னார். அந்தச் செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். பெண்ணுக்கு எக்ஸ் ரெண்டு, ஆணுக்கு ஒன்று, அதனால்தான் இப்படி. எங்கள் வீட்டில் அச்சு அசலாகப் பொருந்தியது.

தாய்க்குப் பெயர் பெரியவ. யாரிடமும் கொஞ்ச மாட்டாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தால் மற்றவர்கள் வாய் வைத்த பிறகுதான் வருவாள்.

செம்பட்டைக்குப் பெயர் கலெக்டர். காலை பத்து மணிக்குக் கிளம்பித் தெருவில் இருக்கிற காம்பவுண்டு சுவரெல்லாம் பார்வையிட்டுவிட்டு, அஞ்சு மணிக்கு டாண் என்று வந்துவிடுவான். அடடா, என்ன ஒழுங்கு என்று பெருமைப்பட்டோம். ஒரு நாள் நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா, "எங்க முருகன் ரெண்டு நாளா தயிர்சாதம் சாப்பிடல" என்று கவலையாகச் சொன்னார். எந்த முருகன் என்று பார்த்தால் எங்கள் கலெக்டர்! அங்கே மதியச் சாப்பாடு, இங்கே ராத்திரிச் சாப்பாடு.

கறுப்பி திருடி. எந்த மூடியையும் தள்ளிவிடுவாள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு சிற்பத்தில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதைச் சுற்றி எலிகளும் இருக்குமே? நான் மீன் வறுக்கும்போது கறுப்பி அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற அழகைப் பார்த்தால் அதேதான். ராத்திரி சீரியல் நேரத்தில் மாமியார் மடிதான் அவளுக்குப் படுக்கை. ஒரு தடவை குறுக்கே போய்விட்டாள் என்று பைக்கைத் திருப்பிய ஒருத்தரிடம் மாமியார், "ஏம்பா, எங்க பொண்ணு என்ன பண்ணிச்சு உன்னை?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

வரியன் பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்கு அடியில். கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று நாங்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற நேரம், அவன் வெடிச் சத்தத்துக்குப் பயந்து பரண் மேல். மறுநாள்தான் இறங்குவான். அதற்காக இப்போதெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தை முன்கூட்டியே பரணில் வைத்துவிடுகிறேன்.

வெள்ளைக் குட்டிக்குப் பெயர் வெண்ணெய். அவனைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

2021-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெண்ணெய் காலையில் இருந்து சாப்பிடவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? டப்பாவில் பாரசிட்டமால் இருந்தது. சின்ன உடம்பாயிற்றே என்று கால் மாத்திரையை மட்டும் உடைத்து, பொடி செய்து, பாலில் கலந்து ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான். "குடிடா கண்ணா" என்று வாயைப் பிடித்து ஊற்றினேன்.

மத்தியானத்துக்குள் முகம் வீங்கிவிட்டது. ஈறு சிவப்பு போய் ஒரு மாதிரி பழுப்பு நிறமாகி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனோம். டாக்டர் பார்த்த உடனே, "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, அதனால் அது ரத்தத்தையே கெடுத்துவிடும், ஆக்சிஜனைச் சுமக்க விடாது, கால் மாத்திரையே அந்த உடம்புக்கு விஷம் என்றார். கொடுத்தவுடனே வந்திருந்தால் மாற்று மருந்து இருக்கிறதாம். அன்று ராத்திரி வெண்ணெய் போய்விட்டான்.

மாமியாரின் அம்மா ரமண மகரிஷியை நேரில் பார்த்தவர். பகவான் ஆடு, மாடு, நாய், அணில் எதையும் 'அது' என்று சொல்ல மாட்டார், 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார், நாய்களைக்கூட 'பசங்க' என்பார் என்று மாமியார் அடிக்கடி சொல்வார். 1948-ல் இறந்த பசு லட்சுமிக்கு ரமணாசிரமத்தில் சமாதி இருப்பதையும், பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதி இருப்பதையும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவார். ஆனால் வீட்டுப் பூனைகள் மட்டும் அவருக்கு 'அது'தான். "பசுவும் பூனையும் ஒண்ணா?" என்பார்.

மறுநாள் காலை மாதுளை மரத்தடியில் குழி தோண்டியபோது அவரே செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்து, "அவனுக்கு ரெண்டு பூ போடும்மா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "தெரிஞ்சா செஞ்சே, விடு" என்றார். தெரியாமல் செய்தாலும் செய்தது செய்ததுதானே? இதை எழுதவே இத்தனை வருஷம் தயங்கினேன்.

அந்த டாக்டர் அன்றைக்கும் பிறகும் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். நம் மாத்திரை எதையும், பாதியோ காலோ, பூனைக்குக் கொடுக்கக் கூடாது. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தில் சிலது பூனையைக் கொன்றுவிடும். வளர்ந்த பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் வரும், தண்ணீர் போதும். (கதையிலும் கம்பராமாயண அவையடக்கத்திலும் பூனை பாலைத் தேடிப் போகிறது, நாம் என்ன செய்வது!) வெறிநோய் நாயிடம் இருந்து மட்டும் வருவதில்லை, பூனைக்கும் தடுப்பூசி போட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நாமும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கருத்தடை ஆபரேஷனுக்கு வீட்டில் பெரிய விவாதம். "பாவம், வாயில்லா ஜீவனைப் போய் அறுக்கறதா?" என்றார் மாமியார். ரெண்டு மாசத்தில் பிரசவம், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி கர்ப்பம். போன தடவை போட்ட குட்டிகளை யார் வீட்டில் விடுவோம் என்று நாங்கள் தெருத் தெருவாக அலைந்தது அவருக்கும் தெரியும். கடைசியில் பெரியவளையும் கறுப்பியையும் கூட்டிப்போனோம். பத்து நாள் தையல் பிரியாமல் பார்த்துக்கொண்டது மாமியார்தான். கலெக்டருக்கும் ஆபரேஷன் ஆன பிறகு, ஊர் சுற்றுவதும் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும் குறைந்துவிட்டது. "ரிடையர் ஆயிட்டாரு" என்கிறார் என் வீட்டுக்காரர். தயிர்சாதத்துக்கு மட்டும் நாலு வீடு தள்ளிப் போவது நிற்கவில்லை.

மாத்திரை டப்பா இப்போது சாமி அலமாரிக்கு மேல் தட்டில் இருக்கிறது. இன்னும் எழுதலாம், ஆனால் கறுப்பி பேப்பர் மேலேயே படுத்துவிட்டாள். வெளியே மீன்காரம்மா குரல் கேட்கிறது. மற்ற மூணு பேரும் ஏற்கெனவே கேட்டில் நிற்கிறார்கள்.

- ஒரு வாசகி, வேங்கிக்கால்.