உஷார்! 15இல் 3தான் உங்களுக்கு

ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கமிருந்து இந்தமுறை கெம்பஸ் போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, கவனம்! திருகோணமலை வளாகமோ வந்தாறுமூலையோ, எங்கே போனாலும் முதல் செமஸ்டரிலேயே ஒரு கிடங்கு காத்திருக்கிறது. நேர அட்டவணையில் வெறுமையாகத் தெரிகிற கட்டங்கள்தான் அது.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை வழக்கமாக 15 மணித்தியாலம்தான். மீதி 35 மணித்தியாலமும் நீங்களாகவே வாசிக்கவும், குறிப்பெடுக்கவும், ஒப்படை செய்யவும் உரியது. ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட், 15 வாரம் என்று வைத்தால் கிழமைக்கு 15 மணித்தியாலம் விரிவுரை, 35 மணித்தியாலம் சொந்தப் படிப்பு. அட்டவணையில் அந்த 15 மட்டுந்தான் அச்சாகியிருக்கும். ஏ.எல். படிக்கும்போது பாடசாலை மணி இருந்தது, ரியூஷன் சேர் இருந்தார், விடிய எழுப்ப அம்மா இருந்தார். விடுதியில் இந்த 35 மணித்தியாலத்தை யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலப் பீடத்துக்குள் போகிறவர்களுக்கு அதுவும் போதாது. ஒரு பக்கத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டிவரும்.

இனி வரவுக் கணக்கு. பெரும்பாலான பீடங்களில் 80 வீதம் வரவில்லாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை நடக்கிற பாடத்துக்கு மொத்தம் 15 வகுப்பு. 12க்குப் போயே ஆகவேண்டும். தவறவிடக்கூடியது 3தான்!

இந்த 3ஐ நம் ஊர்ப் பிள்ளைகள் எப்படிச் செலவழிக்கிறார்கள்? பட்ச் சுற்றுலாவுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலை பஸ்ஸைத் தவறவிட்டதற்கு ஒன்று. ஆறாம் வாரத்திலேயே கை காலி. பிறகு மாரி வருகிறது. மாவலித் தண்ணீர் வெருகல் ஆற்றால் கடலுக்கு இறங்குகிற இடம் நம்முடையது. மேலே மழை கொட்டினால் இங்கே வீதிக்கு மேலால் வெள்ளம் போகும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததோடு பாதைத் தொல்லை தீர்ந்தது என்று நம்பியிருந்து, வீட்டுக்கு வந்தபின் வெள்ளத்தில் அகப்பட்டால் உங்களிடம் கொடுக்க ஒரு நாளும் மிச்சமிராது. அந்த மூன்று நாளையும் மழைக்கும் காய்ச்சலுக்கும் வைத்திருங்கள். மாரி மாதங்களில் கிழமைக் கிழமை ஊருக்கு வராதீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார். கூட்டாளி உங்கள் பெயருக்குக் கையொப்பம் வைத்தால் விசாரணை இருவருக்கும் வரும்.

ஒப்படை விடயத்தில் உங்கள் சொந்தக் கணிப்பையே நம்பாதீர்கள். 1994இல் ரொஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ரொஸ் ஆகிய உளவியலாளர்கள் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது ஏறத்தாழ 56 நாள். அவர்களுக்கு வெள்ளமும் இல்லை, கவரேஜ் இல்லாத வீடும் இல்லை. இரண்டு நாள் வேலை என்று தோன்றினால் நான்கு நாள் ஒதுக்குங்கள்.

சீனியர் அண்ணாமார் எடுக்கிற குப்பி வகுப்பை நான் குறைசொல்ல மாட்டேன். எத்தனையோ பேரை அது கரைசேர்த்திருக்கிறது. ஆனால் பாடத்தை முதன்முதலில் அங்கேதான் கேட்பது என்றால் நிலைமை மோசம். ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பல இடங்களில் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள், வகுப்புச் சித்தியும் கைநழுவலாம்.

2006இல் இந்தப் பிரதேசமே இடம்பெயர்ந்தது. உங்கள் அக்கா, அண்ணாமார் பலரின் படிப்பு முகாம்களில் அறுந்தது. அதனால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்.

ஞாயிறு இரவு அந்த 35 மணித்தியாலத்தையும் அட்டவணையின் வெறுங்கட்டங்களில் பேனையால் எழுதுங்கள். நான்காம் வாரம் முடிய உங்கள் வரவை நீங்களே எண்ணிப் பாருங்கள். எந்தப் பாடத்திலாவது இரண்டு போயிருந்தால் அன்றைக்கே மாணவர் ஆலோசகரிடம் போங்கள். பீடக் கைநூலில் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய காலக்கெடு இருக்கும், காய்ச்சல் வருமுன்னரே அதை வாசித்துவிடுங்கள்.