வலதா, இடதா?
வேப்பூரில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை, பரீட்சைக்கு முதல் நாள் "இமை துடிச்சுக்கிட்டே இருக்கும்மா" என்றால், அம்மா சகுனம் பார்க்க முதலில் கேட்பது "வலதா, இடதா?" சிலப்பதிகாரத்திலும் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன.

நான் கேட்பது வேறு: நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்?

தசையை இயக்கும் ஒவ்வொரு நரம்பிழையின் கீழும் ஒரு கூட்டம் தசை இழைகள் உண்டு. மூளை உத்தரவிடாமலே அந்த நரம்பில் மின்துடிப்பு கிளம்பினால், அந்தக் கூட்டம் மட்டும் சுண்டும். கெண்டைக்காலில் உற்றுப் பார்த்தால் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தெரியும், கால் அசையாது. தூக்கக் குறைவு, காபி, பதற்றம், கடும் விளையாட்டு எல்லாம் இதைத் தூண்டும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் கை பலம் குறைந்து பேனா நழுவினாலோ, தசை மெலிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.