அக்கம்பக்கம் சொல்லும் வழி

இந்தியாவின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் 1986இல் தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்த எட்டு அமைப்புகளுள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. அது ஊருக்கு ஊர் போகும் இணைப்பு. இன்று அதே பெங்களூருவில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கட்டடத்துக்கொரு சுவிட்ச் இருக்கிறது. தகவல் எந்தச் சுவிட்ச் வழியாகப் போக வேண்டும் என்பதைக் கையால் எழுதி வைக்கலாம்தான். ஆனால் ஒரு கேபிள் அறுந்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அந்த வேலையைச் சுவிட்சுகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் முறைகளில் மிக எளியது டிஸ்டன்ஸ் வெக்டர். அதன் பெயர்பெற்ற வடிவம் 1988இல் ஆர்எஃப்சி 1058 ஆவணமாக வெளிவந்த ‘ரிப்’. மெஜஸ்டிக்கில் நின்று எலக்ட்ரானிக் சிட்டிக்கு வழி கேட்டால், சொல்பவர் கையில் வரைபடம் இருக்காது. சில்க் போர்டு பக்கம் போய்க் கேட்கச் சொல்வார். ரிப்பும் அப்படியே. ஒவ்வொரு சுவிட்சும் 30 விநாடிக்கு ஒருமுறை ‘இந்த இடம் என்னிடமிருந்து இத்தனை ஹாப் (தாவல்)’ என்று பக்கத்துச் சுவிட்சுக்குச் சொல்லும். அதைக் கேட்ட சுவிட்ச், அதோடு ஒன்றைக் கூட்டித் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும்.

கணக்கில் பிழையில்லை, ஆபத்தெல்லாம் கேட்டதை அப்படியே நம்புவதில் இருக்கிறது. அ, ஆ, இ என மூன்று சுவிட்சுகள் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம். ஆவுக்கும் இக்கும் இடையே கேபிள் அறுகிறது. ‘இ எனக்கு 2 ஹாப்’ என்று அ சொல்கிறது. அந்த வழியே தன் மூலமாகத்தான் போகிறது என்று அறியாத ஆ, 3 என்று குறிக்கிறது. அதைக் கேட்ட அ, 4 என்கிறது. இல்லாத வழி இப்படியே நீண்டுகொண்டு போகும். ஆகவேதான் 16 என்றால் ‘எட்டாத இடம்’ என்று ரிப்பில் வரம்பு கட்டினார்கள். யாரிடம் கற்ற வழியோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்றும் விதித்தார்கள். சுவிட்சில் நாம் இடும் கட்டளைகள் சிலவும் இந்த நம்பிக்கைக்குப் போடும் வேலிகள்தாம். சிஸ்கோ வகை லேயர் 3 (வழி காணும்) சுவிட்சில் ‘ஐபி ரூட்டிங்’ இட்டு, ‘ரூட்டர் ரிப்’புக்குள் நுழைந்ததும் ‘வெர்ஷன் 2’ என்று சொல்ல வேண்டும். முதல் பதிப்பு சப்நெட் மாஸ்க்கை அனுப்பாது. அடுத்து, முகவரிகளைத் தானாகச் சுருக்காதே என்னும் ‘நோ ஆட்டோ சம்மரி’, எந்த வலையமைப்புகளில் ரிப் இயங்க வேண்டும் என்று சொல்லும் ‘நெட்வொர்க்’. பயனர் கணினிகள் இருக்கும் பக்கம் ‘பாசிவ் இன்டர்ஃபேஸ்’ போடுவார்கள். அது ரிப்பின் வாயை மட்டுமே மூடும், காதை மூடாது. அந்தப் பக்கமிருந்து யாரேனும் பொய் வழி அறிவித்தால் சுவிட்ச் ஏற்றுக்கொள்ளும். கடவுச்சாவி சரிபார்ப்பு அவசியமாவது இதனால்தான்.

இத்தனை வேலி எதற்கு, முழு வரைபடத்தையும் வைத்துக் கணக்கிடும் ஓஎஸ்பிஎஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1969இல் அண்டையார் சொல்லைக் கேட்டு வழி கண்ட, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டே 1979இல் வரைபட முறைக்கு மாறிவிட்டது. ரிப் ஹாப்பை எண்ணுமே தவிர வேகத்தைப் பார்க்காது. சில்க் போர்டு நெரிசலை மறந்து சந்திப்புகளை மட்டும் எண்ணி வழி சொல்வது போல. பெரிய வளாகத்துக்கு ஓஎஸ்பிஎஃப்தான் சரி. ஆனால் அண்டையாரைக் கேட்கும் முறையே செத்துவிட்டது என்பது தவறு. உலக இணையத்தைக் கட்டியிருக்கும் பிஜிபி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெறும் தூரத்துக்குப் பதில், வழி கடந்துவந்த வலையமைப்புகளின் எண்களை அது சொல்கிறது. அதில் தன் எண்ணைக் கண்டால் அந்த வழியைத் தள்ளிவிடுகிறது. நான்கைந்து சுவிட்ச் உள்ள ஆய்வகத்தில் ரிப்பை அமைத்துவிட்டு, ஒரு கேபிளைக் கழற்றி வழிப்பட்டியல் மாறுவதைப் பாருங்கள். பிஜிபியைப் படிக்க அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.