தீயணைக்க ஓடிய மஹல்லாக்கள்



குறிகட்டுவான் துறையில் படகுக்காகக் காத்து நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று வரும் பாதை அங்கே கடலில் முடிந்துவிடும். எதிரே நயினாதீவு. நெடுந்தீவுக்கோ இன்னும் ஒரு மணி நேரக் கடற்பயணம்; சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கணக்கும் நிச்சயமில்லை. நள்ளிரவில் நெடுந்தீவில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் யாழ் நகரத்துத் தீயணைப்பு வண்டி எதுவரை வரும் என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தத் துறைவரைதான் வரும்.

பாதை இருந்தால் மட்டும் போதுமா? 2016 செப்டம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தது. அப்போது அந்த ஊரில் தீயணைப்பு நிலையம் இல்லை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் எத்தனையோ வியாபாரிகளின் முதல் சாம்பலாகிவிட்டது. அதன் பிறகே அங்கு ஒரு நிலையம் அமைந்தது.

தீ முந்துவதும் உதவி பிந்துவதும் நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. உஸ்மானியரின் தலைநகரான இஸ்தான்பூல் நூற்றாண்டுக் கணக்கில் இதனால் அவதிப்பட்டது. நகரம் பெருகப் பெருக மரவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. தெருக்களோ ஒடுங்கியவை. தீப்பிடித்தால் தண்ணீர் சுமப்போர் தோல் பைகளோடு ஓடுவார்கள். ஜானிஸாரிப் படைவீரர்கள் கோடரியும் கொக்கியும் கொண்டு பக்கத்து வீடுகளை இடித்துத் தீயின் வழியை மறிப்பார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

அந்த ஊருக்கு தாவீது என்றொரு பிரெஞ்சுக்காரர் வந்தார். இஸ்லாத்தைத் தழுவி தாவூத் ஆனார். கையால் அழுத்தித் தண்ணீரைப் பீய்ச்சும் துலும்பா என்ற பொறியைச் செய்து காட்டினார். அதன் பயனைக் கண்ட ஆட்சியாளர்கள் 1720இல் அவர் தலைமையில் ஒரு தீயணைப்புப் படையை அமைத்தார்கள். இதில் நான் வியப்பது பொறியை அல்ல, அது போன விதத்தைத்தான். வண்டி நுழையாத சந்துகளில் அந்தப் பெட்டியை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்! பிற்காலத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் தனக்கென ஒரு துலும்பாவும் ஓட்டக்கார இளைஞர்களும் வைத்துக்கொண்டது. யார் முந்துவது என்ற போட்டியில் எரிகிற வீட்டின் முன்னாலேயே கைகலப்பும் நடந்ததுண்டு. மனிதர்கள்தானே!

1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸாரிப் படையைக் கலைத்தபோது அதோடு இணைந்திருந்த தீயணைப்புப் படையும் கலைந்தது. சில வாரங்களில் ஹோஜாபாஷா பகுதியில் பெருந்தீ. அவசரமாகப் புதுப் படை திரட்டினார்கள். 1828இல் பயாசித்தில் கல்லால் காவற்கோபுரம் எழுந்தது. 1870இல் பேரா பகுதி எரிந்த பின், ஹங்கேரி நாட்டவரான செச்சேனி 1874இல் நவீன முறைப் படையை உருவாக்கினார். ஆனாலும் மஹல்லா இளைஞர்கள் 1920கள் வரை ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி நம் தீவகத்துக்கு வருவோம். கிடுகு வேலியும் பனையோலைக் கூரையும் எப்படிப் பற்றும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுவயதில் ஒரு குசினி எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். கிணற்றடியிலிருந்து வாளி கைக்குக் கை மாறியது. ஒரு பெரியவர் மட்டும் எரிகிற கூரையை விட்டுவிட்டு, காற்று போகும் பக்கத்து வீட்டுக்கு ஓடி, கொக்கத்தடியால் அதன் கூரை ஓலைகளை இழுத்துத் தள்ளினார். வீட்டுக்காரி அழுதார். பிறகு அந்த வீடுதான் மிஞ்சியது.

மதீனாவில் ஓர் இரவு வீட்டாரோடு ஒரு வீடு எரிந்த செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது, தீ உங்களுக்குப் பகை என்றும், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடும்படியும் அறிவுறுத்தினார்கள். குப்பி விளக்கை அணைக்காமல் படுக்கும் வீடுகளில் இதை நினைவூட்டுங்கள். சிந்திய மண்ணெண்ணெயில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். மணலோ நனைத்த சாக்கோ போதும்.

பெரிய வண்டி வரும்வரை காத்திராமல் துலும்பாவை நாமே வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசினை இரண்டு பேர் தூக்கலாம். தீவுக் கிணறுகள் ஆழமற்றவை என்பதால் அது எளிதில் உறிஞ்சும். கிணறு வற்றிய காலத்தில் கடல்நீரும் உதவும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் மெசினைக் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும். மெசின் யார் வீட்டில் இருக்கிறது, எண்ணெய் எங்கே, முதலில் ஓடுவது யார் என்பதை ஒரு ஜும்ஆவுக்குப் பின் அயலவர் எல்லோரையும் கூட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். கோயில் தெருவாரையும் தேவாலயத் தெருவாரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய வேலியும் நம்முடைய வேலியும் ஒரே வேலிதான். குழாய் வாங்குமுன் கிணற்றடியிலிருந்து கடைசி வீட்டுக் கூரைவரை கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள்.