சொந்தக் காசில் புத்தகம்: அச்சாவது எளிது... அப்புறம்?

அச்சகத்திலிருந்து ஆட்டோவில் பண்டல்கள் வந்து இறங்கும் நாள், வீட்டில் ஒரு விசேஷ நாள் மாதிரிதான். முதல் பிரதியை எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு. ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பண்டல்கள் மூன்று கிடக்கும். "அப்பா, இதை எப்ப காலி பண்ணப் போறீங்க?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்திருப்பார்கள்.

பதிப்பகத்தின் பதிலுக்குக் காத்திருந்து அலுத்தவர்கள், ஓய்வு பெற்றபின் ஊர் வரலாறு எழுதியவர்கள், முதல் கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்கள் எனப் பலரும் இன்று சொந்தக் காசில் புத்தகம் போடுகிறார்கள். அது தமிழில் புதிய பழக்கம் அல்ல. மாறியிருப்பது அச்சு முறை. முன்பு சில நூறு பிரதிகளுக்காகப் போனால் அச்சகத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இப்போது 50 பிரதிகூட போட்டுத் தருகிறார்கள். ஆகவே புத்தகத்தை அச்சில் பார்ப்பது பெரிய விஷயமாக இல்லை. போட்ட காசு, எழுத்தின் உரிமை, விற்கிற வழி மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

300 பிரதியா, 1,000 பிரதியா?

ஆஃப்செட் அச்சில் பிளேட் போடுவது, மெஷினை ஓட்டத் தயார்செய்வது எல்லாம் நிலையான செலவு. 100 பிரதி அடித்தாலும் 2,000 பிரதி அடித்தாலும் அது மாறாது. அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். டிஜிட்டல் அச்சில், அதாவது 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' என்று சொல்லப்படும் முறையில், பிளேட் கிடையாது. ஒரு பிரதிக்குச் செலவு கூடுதல்தான். ஆனால் தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு அடித்துக்கொள்ளலாம்.

"ஆயிரமா போட்டா ஒண்ணு முப்பது ரூபா குறையும் சார்" என்று அச்சகத்தில் சொல்வது பொய் இல்லை. ஆனால் விற்காத 700 பிரதிகளின் விலை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. முதல் புத்தகத்துக்கு டிஜிட்டலில் 100 அல்லது 200 போட்டு, தீர்ந்தால் மறுபடி அடிப்பதே புத்திசாலித்தனம்.

பக்க எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஆஃப்செட்டில் டெம்மி அளவுப் புத்தகம் 16 பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கில் அச்சாகும். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். 163 பக்கம் என்று நின்றால் மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் செலவு. முன்னுரை எழுதித் தருபவரிடம் "நாலு பக்கத்துக்குள்ள போதும் ஐயா" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்வதுதான் கஷ்டம்.

கையில் என்ன மிஞ்சும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடத்துக்கு இடம் விலை மாறும். இது புரிவதற்கான உதாரணம் மட்டுமே. 160 பக்கப் புத்தகம், 300 பிரதிகள். அச்சுக்குப் பிரதிக்கு 70 ரூபாய் வீதம் 21,000. எடிட்டிங், மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 36,000. அதாவது ஒரு பிரதி 120 ரூபாய். அட்டையில் விலை 200 ரூபாய்.

இதைப் புத்தகக் கடைக்கு 40 சதவீதத் தள்ளுபடியில் கொடுத்தால் கைக்கு வருவது 120. முன்னூறையும் விற்றாலும் போட்ட முதல் மட்டும்தான் திரும்பும். அதுவும் கடைக்காரர் விற்றபின், கணக்கு முடித்தபின். நேரடியாக 10 சதவீதக் கழிவில் விற்றால் 180 வரும். அப்படியும் 200 பேர் வாங்கினால்தான் முதல் தேறும்.

இனி வெளியீட்டு விழா. மேடையில் இருப்பவர்கள், முன்வரிசை, சொந்தபந்தம் என 60 பிரதி அன்பளிப்பாகப் போனால் 7,200 ரூபாய் போச்சு. மண்டபம், பொன்னாடை, டீ, ஃபிளெக்ஸ் எல்லாம் தனி. விழா வேண்டாம் என்பதல்ல. எழுதியவருக்கு அந்த ஒரு மாலைப்பொழுது தேவைதான். ஆனால் அதைப் புத்தகத்தின் விளம்பரச் செலவில் எழுதக் கூடாது, வீட்டு விசேஷக் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தச் செலவுகளில் குறைக்கக் கூடாத ஒன்றைத்தான் பலரும் முதலில் குறைக்கிறார்கள்: எடிட்டிங். "நானே தமிழ் வாத்தியார், எனக்கெதுக்கு பிழைதிருத்தம்?" என்பவர்களின் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே பிழை கண்ணில் படும். எழுதியவரின் கண், தாளில் இருப்பதைப் படிக்காது. மனதில் இருப்பதைத்தான் படிக்கும். இன்னொரு கண் வேண்டும்.

காசு உங்களுடையது, உரிமை யாருடையது?

அச்சுச் செலவை எழுத்தாளரிடமே வாங்கிக்கொண்டு, புத்தகத்தைத் தங்கள் பெயரில் வெளியிட்டுத் தரும் நிறுவனங்கள் இன்று நிறைய. 'பேக்கேஜ்' என்பார்கள். அதில் தவறில்லை, வேலைக்குக் கூலி. சிக்கல், கையெழுத்துப் போடும் தாளில் இருக்கிறது. செலவு முழுவதும் ஆசிரியர் தலையில், பதிப்புரிமையோ நிறுவனத்திடம் என்று இருந்தால், காசையும் கொடுத்துப் பிள்ளையையும் கொடுத்த கதைதான்.

சட்டம் எழுதுபவர் பக்கம் ஓரளவு உறுதியாகவே நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆசிரியரின் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது பற்றி அதே சட்டத்தின் 19-வது பிரிவு பேசுகிறது. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும்.

'வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில்' என்ற இடத்தில்தான் கண் வைக்க வேண்டும். "எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் அதில் போய்விடும். காசு கொடுத்து அச்சடிப்பவர் அந்த வரியில் கையெழுத்துப் போட ஒரு காரணமும் இல்லை. "சார், இது ஸ்டாண்டர்டு அக்ரிமென்ட், எல்லாரும் போடறதுதான்" என்றால், ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்து படிப்பது நல்லது.

ஐ.எஸ்.பி.என். எண்ணையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதற்கென்று பேக்கேஜில் தனித்தொகை போடப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்தியாவில் அதை வழங்குவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை. கட்டணம் கிடையாது. தனிநபர் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த எண் இருந்தால் பதிப்புரிமை கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. அது புத்தகத்தின் அடையாள எண், அவ்வளவுதான். நிறுவனத்தின் எண்ணில் வெளியிட்டால் பதிவேட்டில் பதிப்பாளராக அந்த நிறுவனமே இருக்கும்.

அந்த ஃபைல் எங்கே?

ஒப்பந்தத்தில்கூட வராத ஒரு சிக்கல் தமிழுக்கே உரியது. எழுத்தாளர் யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு ஃபைலாகக் கொடுப்பார். பக்கம் வடிவமைப்பவர் அதைப் பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றி, பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ போடுவார். அதன்பின் மூன்று முறை மெய்ப்புப் பார்த்து, நூறு திருத்தம் நடக்கும். எல்லாம் அவருடைய கணினியில். எழுத்தாளரிடம் இருப்பது திருத்தாத பழைய பிரதி.

இரண்டு வருஷம் கழித்து மின்னூல் போடலாம் என்று நினைக்கும்போது அந்தக் கடை மாறியிருக்கும், அல்லது ஹார்டு டிஸ்க் போயிருக்கும். மீண்டும் முதலிலிருந்து மெய்ப்பு. இதைத் தவிர்க்க, கடைசிப் பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்: அச்சுக்குப் போன பி.டி.எஃப்., திறந்து திருத்தக்கூடிய வடிவமைப்பு ஃபைல், திருத்தங்கள் ஏறிய யூனிகோடு பிரதி. மூன்றாவதைக் கேட்டால் "அது எதுக்கு சார்?" என்பார்கள். விடக்கூடாது.

கிண்டில் மட்டும் போதுமா?

அமேசானின் கிண்டில் நேரடிப் பதிப்பகச் சேவையில் 2016 இறுதியிலிருந்து தமிழிலும் மின்னூல் வெளியிடலாம். அச்சுச் செலவு இல்லை, பண்டல் இல்லை. குடும்ப நாவல்களும் தொடர்கதைகளும் எழுதும் பல பெண் எழுத்தாளர்கள் அச்சுக்குப் போகாமலே தங்கள் வாசகர்களை இங்கும் பிரதிலிபி போன்ற தளங்களிலும் கண்டடைந்திருக்கிறார்கள்.

உரிமைத்தொகை 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனையில் 70 கிடைக்க, மின்னூலை 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவில் வேறெங்கும் அந்தப் படைப்பு இருக்கக் கூடாது. காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தொடராக எழுதியதை வேறு தளத்திலிருந்து நீக்க மறந்துபோய் மாட்டிக்கொள்பவர்கள் இதனால்தான். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படித்தால், படிக்கப்பட்ட பக்கக் கணக்கில் தொகை வரும். விறுவிறுப்பான நாவலுக்கு இது லாபம். 60 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு டீச்செலவு தேறினாலே அதிகம்.

வாங்குபவர் யார்?

"என் புத்தகத்தைக் கடையில் போட்டுட்டேன்" என்பது விற்பனை அல்ல. அலமாரியில் முதுகைக் காட்டி நிற்கும் ஆயிரம் புத்தகங்களில் அதுவும் ஒன்று. முகநூலில் 'வாழ்த்துகள் தோழர்' குவிவதும் விற்பனை அல்ல. சொந்தப் பதிப்பில் விற்கிறவர்கள், புத்தகம் வரும் முன்பே வாங்குபவரைத் தேடுகிறார்கள்.

இதற்கு முன்னோடி உ.வே.சாமிநாதையர். 1887-ல் வெளியான சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு, புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். இன்றைய வாட்ஸ்அப் முன்பதிவு அதே வேலைதான். பாரதியார் 1920-ல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு, பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நடக்கவில்லை. மறு ஆண்டு அவரே இல்லை. எழுத்தின் தரத்துக்கும் விற்பனைக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு அன்றும் இருந்ததில்லை.

80 பேர் முன்பதிவு செய்தால் 150 அடிக்கலாம். எட்டுப் பேர்தான் என்றால் அதுவும் பயனுள்ள செய்தி. செலவு செய்யும் முன்பே தெரிந்துவிட்டது. ஊர் வரலாறு என்றால் சென்னைக் கடைகளை விட அந்த ஊர்த் திருவிழாவும், பள்ளியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவும் அதிகம் விற்கும். மாவட்டக் கிளை நூலகங்களின் வாசகர் வட்டத்தில் 20 பேர் முன்னால் பேசினால் ஐந்து பேர் வாங்குவார்கள், அந்த ஐந்து பேரும் படிப்பார்கள். புத்தகக் காட்சியில் ஒரே ஒரு தலைப்பை வைத்துத் தனிக்கடை எடுப்பது கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் கடையில் கழிவுக்கு வைத்துவிட்டு, மாலை நேரங்களில் அங்கே நின்றுகொள்வதுதான் வழி. நூலக ஆணை வந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது எப்போது வரும், வருமா என்பதே உறுதியில்லாதபோது அதை நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்கக் கூடாது.

தபால் செலவும் சின்ன விஷயமில்லை. மலிவாக இருந்த பதிவு புத்தக அஞ்சல் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' வந்தது. அறிமுகமானபோது 300 கிராம் வரை 20 ரூபாயில் கட்டணம் தொடங்கியது. அதில் அனுப்ப, புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். அழகுக்காக அந்தப் பக்கத்தையே விட்டுவிடுபவர்கள் கவனிக்க.

பதிப்பாளர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டவருக்குச் சட்டக் கடமை ஒன்றும் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் ஒரு பிரதியைச் சொந்தச் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், மும்பை, டெல்லி, சென்னையில் உள்ள தலா ஒரு நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். சென்னையில் அது எழும்பூர் கன்னிமாரா நூலகம். ஆக மொத்தம் நாலு பிரதி. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பண்டலைப் பிரித்தே அனுப்பலாம்.